முதலில் திரும்பி வரும் ரயிலைப் பாருங்கள்

“தனியாவா போற? ஏன், கூட்டாளிங்க யாரும் வரலையா?”

ஒரு நாள் ரயிலில் வெளியூர் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லும் எந்த மாணவிக்கும் முதலில் கிடைப்பது இந்தக் கேள்விதான். அதே வீட்டில் தம்பி மோட்டார் சாவியை எடுத்தால், “ஹெல்மட் போட்டுக்கோ” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெற்றோரின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அது பொய்யான பயமும் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்குச் சரியான பதில் ‘கூட நாலு பேர் வர்றாங்க’ என்பது அல்ல. ‘இந்த ரயிலில் போகிறேன், இந்த ரயிலில் திரும்புகிறேன்’ என்று காட்டுவதுதான். எனக்கு வீட்டில் சம்மதம் கிடைத்தது அப்படித்தான். கெஞ்சிக் கிடைக்காதது அட்டவணையைக் காட்டியதும் கிடைத்தது.

நாலு பேர் சேர்ந்து போடும் திட்டம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவிலேயே செத்துவிடுகிறது. ஒருத்திக்கு டியூஷன், இன்னொருத்திக்குப் பகுதி நேர வேலை, மூன்றாமவளுக்குக் கடைசி நிமிடத்தில் அத்தை வீட்டு விசேஷம். தனியாகப் போகிறவர் ஒத்துப்போக வேண்டியது ரயில் நேரத்தோடு மட்டுமே.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இரண்டு வகை ரயில்கள் உண்டு. கொமுட்டர் ஒரு பக்கம் பத்துமலையிலிருந்து புலாவ் செபாங் வரையும், இன்னொரு பக்கம் தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரையும் ஓடுகிறது. இருக்கைப் பதிவு கிடையாது. டச் அன் கோ அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம், பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் உண்டு. இடிஎஸ் ரயிலுக்கு இருக்கை எண்ணோடு டிக்கெட் வேண்டும். பள்ளி விடுமுறை வார இறுதிகளில் அது முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

திட்டம் போடுகிறவர்கள் பொதுவாக ‘என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்’ என்று தொடங்குகிறார்கள். நான் பின்னாலிருந்து தொடங்குவேன். வீட்டுக்கு எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும்? அதற்கு எந்த ரயிலில் ஏற வேண்டும்? அந்த டிக்கெட்தான் முதலில். போகும் டிக்கெட் அதற்குப் பிறகு.

ஈப்போவை எடுத்துக்கொள்வோம். சுமார் 200 கிலோமீட்டர் தூரம். இடிஎஸ் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். இரவு 8 மணிக்குள் கேஎல் சென்ட்ரலில் இருக்க வேண்டுமென்றால் மாலை 5 மணி வாக்கில் ஈப்போவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எட்டு மணிக்கு கேஎல் சென்ட்ரலைப் பற்றிப் பயமில்லை, கூட்டம் குறையாத இடம். கவலை அங்கிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பற்றித்தான். அப்பா வந்து ஏற்றிக்கொள்வாரா, கிரேப் எடுப்பதா, அல்லது இன்னும் முந்திய ரயிலில் வருவதா? இதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். காலை எட்டு மணி வாக்கில் புறப்பட்டால் ஊரைச் சுற்ற ஆறு மணி நேரம் கிடைக்கும். தாராளம்.

அடுத்தது, நிலையத்திலிருந்து நடந்தே பார்க்கக்கூடிய ஊரா என்பது. ஈப்போ இதில் முழு மதிப்பெண் வாங்கும். நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம்தான். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்தது. கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் அவருடையதே. எதிரே நகர மண்டபம், சற்றுத் தள்ளி 1909-இல் கட்டிய பர்ச் மணிக்கூண்டு, பழைய நகரின் வெள்ளைக் காப்பிக் கடைகள், ஜாலான் லஹாட் பக்கம் லிட்டல் இந்தியா என்று எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். கோல குபு பாரு அப்படியில்லை. ஊர் அழகானது, ஆனால் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிறது. அங்கே போகிறவர் திரும்பி வரவும் வண்டி கிடைக்குமா என்று யோசித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ரயிலில் கழியும் நேரத்தைவிட ஊரில் இருக்கும் நேரம் குறையக் கூடாது என்பது என் கணக்கு. அதனால்தான் ஒரே நாளில் பினாங்கு போய் வந்தேன் என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பட்டர்வொர்த்துக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல், பிறகு ஃபெர்ரி. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் இருக்கையின் முதுகைத்தான்.

தைப்பிங் என் கணக்கில் மயிரிழையில் தேறும். அங்கே நம்மவர்கள் ஒருமுறையாவது போக வேண்டும். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது, ஈயம் ஏற்றிச் செல்வதற்காக. சுமார் 13 கிலோமீட்டர் பாதை. போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோல செபெத்தாங். தண்டவாளம் போய்விட்டது, பழைய பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் ஊர்ப்பெயர் தமிழிலும் எழுதியிருக்கிறது. இந்த நாட்டில் தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தார்கள். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் மக்கள் குடியேற ரயில் வேலை ஒரு முக்கியக் காரணம். அவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு நெடுஞ்சாலை ஓய்விடங்கள் தெரிந்த அளவுக்கு நிலையங்கள் தெரியவில்லை.

தனியாகப் போனால் பேச ஆள் இருக்காது என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. கூட்டமாகப் போகும்போது நாம் நமக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம். தனியாக இருப்பவர் வழி கேட்டாக வேண்டும். தோசைக் கடையில் எதிரே உட்காரும் பாட்டி, “எங்கேருந்து வர்ற பாப்பா, அப்பா எந்தத் தோட்டம்?” என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. அந்த அரை மணி நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் பெய்யும் மழைக்கும் இடம் விடுங்கள். குடையும் பவர் பேங்க்கும் கட்டாயம்.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் உடனே ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டியதில்லை. முதல் தடவைக்குக் கிள்ளான் போதும். கொமுட்டரில் இறங்கினால் லிட்டல் இந்தியா நடக்கும் தூரம்தான், வழியெல்லாம் ஆள் நடமாட்டம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம். முந்தின இரவே போகும் ரயில், வரும் ரயில் இரண்டின் நேரத்தையும் அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். ஏறியதும் ஒரு செய்தி, இறங்கியதும் ஒரு செய்தி. அடுத்த மாதம் சிரம்பான் கேட்டுப் பாருங்கள்.