நிற்கிற வண்டியும் ஆளைக் கொல்லும்

"ஓடுற வண்டிதான் ஆபத்து, நிற்கிற வண்டி யாரை என்ன பண்ணப் போகுது?" வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் மனதில் ஊறிப்போன எண்ணம் இது. ஜீப்ரா கிராசிங்கை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்குள் நுழைகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "ரெண்டே நிமிஷம் சார், ஓரமாத்தானே விட்டிருக்கேன்" என்பார். வெள்ளைக் கோட்டின் மேல் ஏற்றவில்லை, யார் வழியையும் மறிக்கவில்லை, ஆகவே தவறில்லை என்று அவர் மனதார நம்புகிறார். உயிரைக் குடிக்கும் நம்பிக்கை அது.

சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் நடப்பவருக்கு வேறு காவல் கிடையாது. கடப்பவர் வண்டியைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் கடப்பவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வை ஒன்றுதான் அங்கே உயிரைக் காக்கிறது. கிராசிங்கை ஒட்டி நிற்கும் கார் அதைத்தான் மறைக்கிறது.

பள்ளி விடும் நேரத்தில் ஒரு கிராசிங்கைப் பாருங்கள். ஏழு வயதுக் குழந்தை ஏறக்குறைய நான்கடி உயரம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். எனவே சாலையில் கால் வைக்கும் குழந்தையை நோக்கி முதலில் வண்டி வருவது வலப்பக்கத்திலிருந்து. கார் நிற்பதும் அதே வலப்பக்கத்தில்தான். குழந்தை எவ்வளவு ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தாலும் தெரிவது காரின் பானெட் மட்டுமே. சாலை தெரிய வேண்டுமென்றால் காரின் அகலத்தைத் தாண்டி ஐந்தாறு அடி உள்ளே வந்து எட்டிப் பார்க்க வேண்டும். அப்படி எட்டிப் பார்க்கிற இடம், வண்டிகள் ஓடும் தடம்.

அந்தத் தடத்தில் ஒரு பைக் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதிவேகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போய்விடும். குழந்தையைக் கண்டு, சுதாரித்து, பிரேக் பிடித்து நிற்பதற்குள் சுமார் 20 மீட்டர் கடந்துவிடும். கார் மறைவிலிருந்து குழந்தை வெளிப்படுவது ஐந்து மீட்டர் முன்னால் என்றால் எந்தத் திறமைசாலியாலும் நிறுத்த முடியாது. பிறகு பைக் ஓட்டியவரைத் திட்டுவோம். கையைப் பிடிக்காமல் விட்டாள் என்று தாயைத் திட்டுவோம். அதற்குள் அந்தக் கார் கிளம்பிப் போயிருக்கும்.

"ஆள் உள்ளேயே இருக்கேன், இண்டிகேட்டர் போட்டிருக்கேன்" என்பது அடுத்த சமாதானம். ஓட்டுநர் சீட்டில் இருப்பதால் கார் கண்ணாடிபோல் ஆகிவிடாது. சட்டமும் இந்தச் சலுகையைத் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 122-ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ நேரும்படி வண்டியை நிறுத்தி வைப்பதையே தடுக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மன்னிப்பு என்று அதில் இல்லை. பாதசாரிகள் கடக்குமிடத்தின் அருகில் நிறுத்தக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே சொல்லிவிட்டன.

'அருகில்' என்றால் எவ்வளவு? ஜப்பானில் கிராசிங்குக்கு முன்னும் பின்னும் ஐந்து மீட்டருக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. ஜெர்மனியில் முன்னால் ஐந்து மீட்டர். கலிஃபோர்னியா மாநிலம் 2023-இல் சட்டம் இயற்றி, கிராசிங்கை நெருங்கும் பக்கத்தில் 20 அடியைக் காலியாக விடச் சொன்னது. 2025 முதல் அபராதமும் விதிக்கிறது. நியூ ஜெர்சியின் ஹோபோகன் நகரம் தெருமுனைகளில் வண்டி நிற்காதபடி கம்பங்களும் செடித் தொட்டிகளும் வைத்தது; வேகத்தையும் குறைத்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகள் அந்நகரில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

"பார்க்கிங்குக்கு இடமே இல்லையே, எங்கே போய் விடுவது?" என்று கேட்பார்கள். இடப் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் இங்கே கேட்பது ஒரு கார் நிற்கும் நீளம், அவ்வளவே. அந்த ஓர் இடத்தை விட்டுக்கொடுப்பதால் நகரத்தின் பார்க்கிங் பிரச்சினை கூடப் போவதில்லை. அதில் நிறுத்துவதால் தீரப் போவதும் இல்லை. நடக்கிறவர்கள் கண்ட இடத்தில் கடக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கிராசிங்கின் வாயிலைக் காரும் நடைபாதைச் சரிவைப் பைக்குகளும் அடைத்துக்கொண்டால், சக்கர நாற்காலிக்காரரும் முழங்கால் வலிக்காரரும் வேறு எங்கே இறங்குவார்கள்?

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. எல்லோரும் நிறுத்திய வண்டியின் மறைவில் இறந்தவர்கள் அல்லர். ஆனால் எளிதில் விலக்கக்கூடிய காரணங்களில் இது ஒன்று. கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடப்பவர்களின் பாதுகாப்புக்காக 2025 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவுகள் பிறப்பித்தது. உயிரைக் காக்கச் சொல்லி நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பதே நமக்குத் தலைகுனிவு.

மாநகராட்சிகள் கிராசிங் கோடு போடுவதோடு வேலை முடிந்தது என்று விடக் கூடாது. அதற்கு முன்னுள்ள ஐந்து மீட்டரில் நடைபாதையை அகலப்படுத்த வேண்டும். முடியாத இடத்தில் கம்பம் நட வேண்டும். நோ பார்க்கிங்கில் நிற்கும் பைக்குகளைத் தூக்கிச் செல்லும் போக்குவரத்துப் போலீஸ், கிராசிங்கை மறைக்கும் காரை முதலில் தூக்க வேண்டும். வண்டி ஓட்டுகிற நாம் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கார் நீளம் தள்ளி நிறுத்துங்கள். அங்கே இடமில்லையென்றால் அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.