முந்நீரும் குவார்ட்டரும்

பர்பன் விஸ்கியில் பழச்சாறு கலக்கும் பக்குவத்தைப் பற்றிச் சிற்றிதழ் வாசகர்களிடையே பேச்செடுத்தால் இரண்டு எதிர்வினைகள் வரும். ஒன்று முகச்சுளிப்பு. மற்றது, 'அமெரிக்கச் சமாச்சாரம் தமிழனுக்கு எதற்கு?' என்னும் பண்பாட்டுக் கவலை. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

கலந்து பருகுவது இறக்குமதிச் சரக்கு அன்று. புறநானூற்றின் 24ஆம் பாடலில் மாங்குடி கிழார் காட்டும் மகளிர், நுங்கின் நீரையும் கரும்பின் சாற்றையும் இளநீரையும் ஒன்றாய்க் கலந்து உண்டு கடலில் பாய்கிறார்கள். அதில் போதை இல்லாதிருக்கலாம். கலவையின் ருசி இருக்கிறது. பாட்டுடைத் தலைவன் போர் வென்ற தலையாலங்கானமோ நம் காவிரிப் படுகையில், திருவாரூர்ப் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை சொல்லும் தோப்பி, வீட்டிலேயே ஆக்கிய நெற்கள். இவற்றுக்கெல்லாம் உரை படித்துச் சிலாகிப்பவர்கள்தாம் வீட்டுக் கோப்பையைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள்.

பர்பனும் உழவர் வீட்டுச் சரக்குதான். அதன் தானியத்தில் 51 விழுக்காடாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அவர்கள் தம் வயலின் விளைச்சலைப் பெருமையாக்கிக்கொண்டார்கள். நாமோ 1987இல் கள்ளைத் தடை செய்தோம். 2003இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக்கிடம் முழுதாக ஒப்படைத்தோம். தென்னையில் கள் இறக்கினால் குற்றம். பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகின் சாராயத்தில் ஆன 'விஸ்கி'யை விற்றால் அரசு வருவாய். அதே படுகையின் காரைக்காலில் கள்ளுக்கடை உண்டு என்பது தனி வேடிக்கை.

குடியால் அழிந்த வீடுகளை நாம் மறக்கவில்லை. கடையை மூடச் சொல்லும் பெண்களின் கோபம் நியாயமானது. 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காய்ச்சுவது வேறு, கலப்பது வேறு. நாம் சொல்வது பின்னது மட்டுமே: முப்பது மில்லி அளந்து, நார்த்தைச் சாறும் பனைவெல்லப் பாகும் சேர்த்து, ஒரு மாலை முழுதும் ஒரே கோப்பையோடு இருப்பது. குவார்ட்டரைத் தண்ணீர் பாக்கெட்டோடு நின்றபடியே கவிழ்ப்பதற்கு நேர் எதிரானது இது. அங்கே ருசிக்கு இடமில்லை. வேகத்துக்கும் வெட்கத்துக்குமே இடம்.

குடிக்கச் சொல்லி எவரையும் நாம் அழைக்கவில்லை. ருசியை ஒழுக்கக்கேடு என்றும் வேகத்தை வருவாய் என்றும் பெயரிட்டுவிட்ட ஒரு சமூகம், தன் தேறலையும் நறவையும் அகராதியில் மட்டும் வைத்துக்கொண்டு பழம்பெருமை பேசுவது போலித்தனம் என்றே சொல்கிறோம்.