பஞ்சாரத்தைத் திறக்கும் முன்

விடிகாலை ஐந்தரைக்குள் ஊருக்குள் போய்விட வேண்டும். பஞ்சாரத்தைத் திறந்துவிட்டால் அப்புறம் ஒரு கோழியும் கைக்குச் சிக்காது. குப்பைமேடு, வைக்கோல் படப்பு, கருவேலம் புதர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடும். சிவகங்கை மாவட்டத்தில் 32 ஆண்டுகள் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவள் நான். கோழிக்கு ஊசி போடப் போகும் நாளில் எதை மறந்தாலும் ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மறக்கக் கூடாது. குப்பியைத் திறந்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் மருந்தைக் கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இறக்கையை விரித்துப் பிடித்து, அடியில் முடியில்லாத இடத்தில் தோலைத் தூக்கி, அரை மில்லி. ஒரு கோழிக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

குப்பியில் இருப்பதோ நூறு டோஸ், இல்லையென்றால் இருநூறு. ஊரில் ஒரு வீட்டில் இருப்பதோ நாலு பொட்டை, ஒரு சேவல். நாட்டுக்கோழி அழிகிறதே என்று கவலைப்படுகிற எல்லோரும் முதலில் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பங்குனி மாதம், மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு ஆத்தா மருந்தகத்துக்கு நடந்தே வந்தார். கூடையில் மூன்று கோழி, மேலே பழைய சேலைத் துணி. “பக்கத்தூருல சீக்கு வந்திருக்காம் தாயி, ஊசி போட்டு விடு” என்றார். மூன்று கோழிக்காக நூறு டோஸ் குப்பியை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. “இருபது வீட்டச் சேத்துச் சொல்லுங்க ஆத்தா, நானே வந்து போடுறேன்” என்று அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கூடையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

பத்து நாள் கழித்துப் போனேன். “அம்புட்டும் போயிருச்சு தாயி.” பத்தொன்பது உருப்படி. கடைசியாக ஒன்று மட்டும் பஞ்சாரத்துக்குள் கிடந்தது. கழுத்து முறுக்கி முதுகுப் பக்கம் திரும்பியிருக்க, அலகைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கீழே பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். திண்ணை மூலையில் மணல் பரப்பிய கூடையில் பதினோரு முட்டை. இடிக்குக் கூமுட்டை ஆகாமல் இருக்க ஒரு இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் போட்டு வைத்திருந்தார். அடைக்கு வைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாளில் பொரிந்திருக்கும். தாய்க்கோழி முந்தின நாள் செத்துப்போனது. ஆத்தா ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அடைக்கோழிக்குக் கீழே வைக்கலாமா என்று கேட்டார். சீக்கு வந்த வீட்டு முட்டையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னது என் வாய். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கூடை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்கிற இந்த ராணிக்கெட் நோய்க்கு, இமயமலை அடிவாரத்துக் குமாவூன் பகுதியில் இருக்கும் ராணிக்கெட் ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். இதைத் தடுக்கும் ஊசிமருந்து 1940-களிலேயே அதே மலைப்பகுதியின் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகிவிட்டது. இத்தனை காலமாகக் கையில் மருந்து இருக்கும் ஒரு நோய்க்குத்தான் இன்றும் ஒவ்வொரு கோடையிலும் தெருத் தெருவாகக் கோழிகளைக் கொடுக்கிறோம்.

முகாம் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசமாகப் போடுகிறார்கள். நானும் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். ஆனால் இறக்கையில் போடும் அந்த ஊசி எட்டு வாரம் தாண்டிய கோழிக்குத்தான். சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயாகிவிடும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்கிற சொட்டு மருந்து ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரம்தான் ஊசி. தை மாதக் கடைசியில் பொரித்த குஞ்சு அந்த முகாமில் ஊசிக்கு ஆகாது. சித்திரையில் பொரிக்கப்போகும் குஞ்சு அப்போது முட்டையாகக்கூட இருக்காது. கொல்லைக்கோழி முகாம் தேதி பார்த்தா அடை உட்காருகிறது?

இதற்கிடையில் ‘நாட்டுக்கோழி மேம்பாடு’ என்ற பெயரில் ஊருக்குள் வருவது பெரும்பாலும் பொரிப்பகத்துக் குஞ்சு. ஐதராபாத் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, அப்புறம் சந்தையில் அசில் கிராஸ் என்று விற்பவை. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். தீனி வாங்கிப் போட்டு, வலை கட்டி, கணக்கு எழுதி வளர்ப்பவருக்கு அவை முட்டையும் தரும், எடையும் தரும். ஆனால் கிராமப்பிரியா அடை உட்காராது. கூடுதல் முட்டைக்காகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் அந்தக் குணமே போய்விட்டது. அதன் தலைமுறை அதோடு சரி. அடுத்த குஞ்சுக்கு மறுபடி பொரிப்பகத்து வாசலில்தான் நிற்க வேண்டும். கேறிக்கொண்டே வந்து கூடையில் உட்கார்ந்து, இருபத்தோரு நாள் பசியடக்கி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கரையான் புற்றைக் கிளறிக் கொடுத்து, பருந்து நிழல் தெரிந்ததும் ஒரு குரலில் எல்லாவற்றையும் இறக்கைக்குள் வாங்கிக்கொள்கிறதே நம் சிறுவிடை நாட்டுக்கோழி, அதற்கு மின்சாரமும் வேண்டாம், தீவன மூட்டையும் வேண்டாம்.

கணக்கும் அதன் பக்கம்தான். ஒரு சிறுவிடை ஆண்டுக்கு மூன்று தடவை அடை உட்கார்ந்து, தடவைக்குப் பத்துக் குஞ்சு இறக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது குஞ்சு. நான் பார்த்த வீடுகளில் அதில் ஆறோ ஏழோ பெரிதானால் அதிகம். கீரியும் பூனையும் தூக்கியது போக, மிச்சத்தைக் கழிச்சலும் அம்மையும் கொண்டுபோகும். அந்த ஆறைப் பன்னிரண்டாக்கினால் அந்த வீட்டின் வருமானம் இரட்டிப்பாகும். புது இனம் எதுவும் தேவையில்லை. போன தீபாவளிக்கு எங்கள் தெருவில் உயிர்க்கோழி கிலோ 500 ரூபாய்க்குப் போனது. அந்தப் பணம் பெண்கள் கையில்தான் நிற்கும். பள்ளிக்கூட நோட்டும் மாத்திரையும் அதில்தான் வாங்குவார்கள்.

விதைச்சேவல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் முன்பெல்லாம் கூட்டத்திலேயே நல்ல வாளிப்பான சேவலைக் கருப்பருக்கு நேர்ந்துவிடுவார்கள். திருவிழா வரும்வரை ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள். ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம், தெரு முழுக்க அதன் வாரிசுதான். இப்போது மோட்டார் சைக்கிளில் வரும் வியாபாரி எடை பார்த்து முதலில் தூக்குவது அந்தச் சேவலைத்தான். நோஞ்சான் தங்கிவிடுகிறது, அதுவே தன் மகளோடும் பேத்தியோடும் சேர்கிறது. நாலைந்து தலைமுறையில் முட்டை சிறுத்து, கூமுட்டை பெருகி, சீக்கென்றதும் சுருண்டு விழும் கோழிதான் மிஞ்சும். எட்டுப் பத்துப் பொட்டைக்கு ஒரு நல்ல சேவல் போதும். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொள்ள வேண்டும். செலவில்லாத வேலை இது.

ஊருக்கு ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு பிளாஸ்க்கும் மாதாமாதம் சொட்டு மருந்தும் கொடுங்கள் என்றுதான் அரசிடம் கேட்கிறேன். சின்னக் குப்பிகளாகப் போட்டுத் தாருங்கள். நமது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு போடும் குருணை மருந்தை உருவாக்கியிருக்கிறது. ஊசியே தேவையில்லாத அந்த மருந்து ரேஷன் கடை இருக்கும் ஊருக்கெல்லாம் வர வேண்டாமா? பொரிப்பகத்துக் குஞ்சுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் போதும்.

இப்போது எங்கள் தெருவில் நானே ஆரம்பித்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, இருபத்து மூன்று வீடு. மூன்று கோழி வைத்திருப்பவரும் வரலாம். எட்டாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்கிறாள். சொட்டு விட்ட குஞ்சின் காலில் சிவப்பு நூல், ஊசி போட்டதற்குப் பச்சை நூல். போன மாதம் அறுபத்தொரு குஞ்சு. கடைசி வீட்டில் முடித்தபோது மணி ஆறே முக்கால். “தொறக்கலாமா அத்தே?” என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்து அவள் கத்திக் கேட்டாள்.