வீட்டுத் தூசி வேறு, கட்டடத் தூசி வேறு... வாக்யூம் கிளீனர் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

மணவூரிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி இது.

“கீழே நாங்க குடியிருக்கோம், மேலே மாடி எடுக்கறோம். பூச்சு வேலை முடிஞ்சு இப்போ டைல்ஸ் ஒட்டறாங்க. எவ்வளவு பெருக்கினாலும் மறுநாள் காலையில டிவி மேல, பருப்பு டப்பா மேல வெள்ளையா படிஞ்சிருக்கு. மாமியாருக்கு வீசிங் இருக்கு, இன்ஹேலர் எடுத்துக்கறாங்க. பையனுக்கு அஞ்சு வயசு. 8,000 ரூபாய்க்குள்ள நல்ல வாக்யூம் கிளீனர் எது? ஆன்லைன்ல ஒரு கார்ட்லெஸ் மெஷின் பார்த்து வெச்சிருக்கேன், வாங்கிடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். டைல்ஸ் வேலை முடியும் வரைக்குமாவது வேண்டாம்.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிற ஊர் மணவூர். ரயிலில் திருத்தணிக்குப் போகிற பலருக்கு இது ஜன்னல் வழியாகப் பார்த்த பெயர்ப்பலகை, அவ்வளவுதான். ஆனால், வாசகியின் பிரச்னை மணவூருக்கு மட்டுமானது அல்ல. குடியிருந்துகொண்டே மாடி கட்டுகிற எல்லா வீட்டிலும் இதே வெள்ளைப் படலம்தான், இதே கேள்விதான்.

சாதாரண வீட்டுத் தூசியில் என்ன இருக்கும்? வாசல் மண், துணியிலிருந்து உதிர்ந்த நூல், தலைமுடி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் கழிவு. இதில் பெரும்பகுதி ஓரளவு பெரிய துகள். எந்த மெஷினாக இருந்தாலும் இழுத்துவிடும். பொதட்டூர்பேட்டை பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். அது பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் தீர்ந்தது. அது வேறு கதை.

கட்டடத் தூசி அப்படியில்லை. சிமென்ட், எம்-சாண்ட், சுவரில் தேய்த்த பட்டி, அறுத்த டைல்ஸ், கிரானைட். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். டைல்ஸையும் கான்கிரீட்டையும் தண்ணீர் இல்லாமல் அறுக்கும்போது 10 மைக்ரானுக்கும் கீழே உள்ள துகள்கள் ஏராளமாகக் கிளம்பும். 4 மைக்ரானுக்குக் கீழே இருப்பவை நுரையீரலின் அடி வரைக்கும் போகக்கூடியவை. மணலிலும் கல்லிலும் இருக்கிற சிலிக்கா இந்த நுண்துகளோடு சேர்ந்து போகிறது. இந்த சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1997-லேயே சேர்த்துவிட்டது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு.

உடனே பயந்துவிட வேண்டாம். சில வாரம் வீட்டில் வேலை நடந்ததால் குடியிருப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்துவிடாது. அது வருடக்கணக்கில் தினமும் சுவாசிப்பவர்களுக்கு வருவது. ஆனால், ஏற்கெனவே வீசிங் இருக்கிற மாமியாருக்கு இந்தத் தூசி அன்றைக்கே வேலையைக் காட்டும்.

கைக்குட்டை சொன்ன ரகசியம்

வாக்யூம் கிளீனர் பிறந்த கதையிலேயே விடை இருக்கிறது. 1901-ல் லண்டனில் ஒரு கண்காட்சி. காற்றை ஊதித் தூசியைக் கிளப்புகிற மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் ஹியூபர்ட் செசில் பூத், ‘ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?’ என்று யோசித்தார். ஓர் உணவகத்தில் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது. ஆனால் கைக்குட்டையில் கறுப்பாக அழுக்கு படிந்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் குதிரை இழுத்துக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிய அவருடைய மெஷின். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களை அதை வைத்துத்தான் சுத்தம் செய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது கைக்குட்டையை. உறிஞ்சுவது சுலபம். உறிஞ்சியதைப் பிடித்து வைப்பதுதான் வேலை. துணி பிடிக்காத நுண்தூசியெல்லாம் பூத்தின் தொண்டைக்குள் போயிருக்கும். நம் வீட்டு மெஷினில் அது பின்பக்கத்து ஓட்டை வழியாக மறுபடி அறைக்குள் வரும். காலையில் பருப்பு டப்பா மேல் படிவதில் அதற்கும் பங்கு உண்டு.

நம் ஊரில் 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ்தான் வாக்யூம் கிளீனரை வீடு வீடாகக் கொண்டு வந்தது. டை கட்டிய இளைஞர்கள் மெத்தையை இழுத்துக் காட்டி, ‘பாருங்க மேடம், எவ்வளவு அழுக்கு’ என்று அதிர வைத்ததை இன்றைக்கும் அம்மாக்கள் சொல்வார்கள். அவர்கள் காட்டியதும் துணியில் படிந்த அழுக்கைத்தான். இன்றைக்கு ஆன்லைன் விளம்பரங்களில் அந்தத் துணி காணாமல் போய்விட்டது. எங்கே பார்த்தாலும் வாட்ஸ், வாட்ஸ், வாட்ஸ்!

வாட்ஸ் என்பது மெஷின் சாப்பிடுகிற கரன்ட். அது செய்கிற வேலை அல்ல. ஐரோப்பிய யூனியன் 2014-ல் 1,600 வாட்ஸுக்கு மேற்பட்ட வீட்டு வாக்யூம் கிளீனர்களையும், 2017-ல் 900 வாட்ஸுக்கு மேற்பட்டவற்றையும் புதிதாகச் சந்தைக்கு வர விடாமல் தடுத்தது. அதற்குப் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. பெட்டியில் போட்டிருக்கும் கிலோபாஸ்கல் கணக்கும் அரை உண்மைதான். குழாயின் வாயை முழுதாக அடைத்து, காற்றே ஓடாதபோது அளக்கிற அளவு அது. தூசியை இழுத்துக்கொண்டு வருவது ஓடுகிற காற்று. விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு சுவாரஸ்யம். ஐரோப்பாவில் இந்த மெஷின்களுக்கு ஒட்டிய மின்சிக்கன லேபிளை டைசன் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2018-ல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. காரணம், சோதனையெல்லாம் காலிப் பையோடு நடந்ததுதான். வீட்டில் யார் காலிப் பையோடு பெருக்குகிறார்கள்?

எந்த மெஷின் தாங்கும்?

சுவரில் தேய்த்த பட்டித் தூசியைச் சாதாரண வீட்டு மெஷினில் இழுத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் ஃபில்டர் மாவு பூசியதுபோல ஆகிவிடும். காற்று குறையும், மோட்டார் சத்தம் மாறும், சூடேறும். பல வீட்டு மெஷின்களில், ஃபில்டரைத் தாண்டி வருகிற அதே காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்கும் மூச்சு முட்டும். கார்ட்லெஸ் மெஷினில் ஃபில்டர் இன்னும் சின்னது, தூசி டப்பா பெரும்பாலும் ஒரு லிட்டர்கூட இருக்காது. வேலை முடிந்து, வீடு செட்டிலான பிறகு படுக்கை, சோபா, கார் சீட்டுக்கு அது அருமையான சாமான். இப்போது அதன் நேரம் இல்லை. ரோபோ மெஷினைப் பற்றிப் பேசவே வேண்டாம், சாந்துக் கட்டியில் ஏறி நின்றுகொள்ளும்.

தேவைப்படுவது ‘வெட் அண்ட் டிரை’ என்று விற்கிற டிரம் மெஷின். 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு போதும். இதில் பலவற்றில் மோட்டாரைக் குளிர வைக்கத் தனிக் காற்று வழி உண்டு. கடையில் ‘பைபாஸ் மோட்டாரா?’ என்று கேளுங்கள். 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் பல மாடல்கள் கிடைக்கின்றன. பார்க்க லட்சணமாக இருக்காது, சத்தமும் அதிகம். ஆனால் தாங்கும்.

டிரம் வாங்கினால் மட்டும் போதாது. உள்ளே என்ன மாட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். கூடவே வருகிற ஸ்பாஞ்ச் உறை தண்ணீரை இழுப்பதற்கு. அதை மாட்டிக்கொண்டு சிமென்ட் தூசியை இழுத்தால், பின்பக்கம் புகை போடும். உலர்ந்த நுண்தூசிக்கு இரண்டு அடுக்கு வேண்டும். முதலில் ஃபிளீஸ் எனப்படும், நூல் நெய்யாத துணிப் பை. பெரும்பகுதி தூசி அதிலேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கிற ஹெப்பா ஃபில்டர். ‘ஹெப்பா டைப்’, ‘ஹெப்பா போல’ என்று எழுதியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். H13 என்று தரம் அச்சிட்டிருக்க வேண்டும். வடிகட்டுவதற்கு மிகக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவிகிதத்தைப் பிடிக்கும் தரம் அது.

8,000 ரூபாய் பட்ஜெட்டில் நானாக இருந்தால் மெஷினுக்கு 5,500 ரூபாய்தான் ஒதுக்குவேன். மிச்சத்தில் பைகள், ஒரு ஸ்பேர் ஃபில்டர், வீட்டில் எல்லோருக்கும் N95 மாஸ்க். திருத்தணியிலோ அரக்கோணத்திலோ வாங்கினால், அந்த மாடலின் பையும் ஃபில்டரும் அங்கேயே கிடைக்குமா, என்ன விலை என்று மெஷினுக்கு முன்னால் கேளுங்கள். பை கிடைக்காத மெஷின் ஆறு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

கரன்ட் விஷயமும் உண்டு. 1,600 வாட்ஸ் மெஷின் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். டிவி பக்கத்தில் இருக்கிற 6 ஆம்பியர் பாயின்ட் அதற்குப் போதாது, ஃப்ரிட்ஜுக்குப் போடுகிற 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். கட்டட வேலைக்காக இழுத்துவிட்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாதீர்கள், ஒயர் சூடாகும். 1,200 வாட்ஸ் மெஷின் என்றால் இந்தத் தலைவலி குறைவு. இன்வெர்ட்டரில் எதுவும் வேண்டாம்.

இழுப்பதற்கு முன்னால்...

உண்மையைச் சொன்னால், மெஷின் மூன்றாவது ஆள்தான். முதல் ஆள் பிளாஸ்டிக் ஷீட். மாடிப்படி கீழே இறங்குகிற வாயிலை மேலிருந்து தரை வரை ஷீட் போட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி அடையுங்கள். ஆள் போகவர வெளிப்படி இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது ஆள் தண்ணீர்.

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூசி காற்றில் ஏறி மணிக்கணக்கில் மிதக்கும், ராத்திரி இறங்கும். ‘எவ்வளவு பெருக்கினாலும்’ என்று வாசகி எழுதியிருக்கிறாரே, பெருக்குவதாலும்தான் அது பரவுகிறது! ஃபேனை நிறுத்திவிட்டு, பெரிய கட்டிகளை முறத்தில் அள்ளிவிட்டு, மிச்சத்தை மெஷினால் இழுங்கள். அப்புறம் ஈரத்துணியால் மேலிருந்து கீழாக, அதாவது லாஃப்ட், ஃபேன் இறக்கை, ஜன்னல், கடைசியாகத் தரை என்று துடையுங்கள். மறுநாள் இன்னொரு முறை. மெஷின் ஓடும்போதும், அடுத்த ஒரு மணி நேரமும் மாமியாரும் பையனும் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

டிரம் மெஷினில் ஊதுகிற பக்கம் ஒன்று இருக்கும். நம் ஆட்களுக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம். இந்த வேலைக்கு அதைத் தொடவே கூடாது. ஈரமான சிமென்ட்டையும் இழுக்கக் கூடாது, குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். பூஜை அறையில் கங்கு அணையாத சாம்பிராணிச் சாம்பலும் வேண்டாம், பை தீப்பிடிக்கும். பையை மாற்றுவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க் போட்டு, மெதுவாகக் கழற்றி, கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஃபில்டரைச் சுவரில் தட்டினால் இழுத்த தூசியெல்லாம் உங்கள் முகத்துக்குத்தான்.

இந்தக் கட்டுரைக்காக டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி ஒருவரிடம் பேசினேன். “மாஸ்க் போடுவீங்களா அண்ணே?” என்றேன். “எதுக்கும்மா? இருபது வருசமா அறுக்கறேன், துண்டு கட்டிக்குவேன். சாயந்திரம் கொஞ்சம் இருமும், காலையில சரியாப் போயிடும்” என்றார். 

காலையில் சரியாகிவிடுகிறது என்று அவர் நினைக்கிறார். துண்டு, பூத்தின் கைக்குட்டையைப் போலத்தான். பெரிய துகளை நிறுத்தும், ஆபத்தானதை விட்டுவிடும். சிலிக்கோசிஸ் வந்த பிறகு நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வீட்டுக்காரர் வாங்குகிற எந்த வாக்யூம் கிளீனரும் அவருக்கு உதவாது. ஏனென்றால், தூசி தரையில் விழுவதற்கு முன்னால் முதலில் அவர் மூக்கைத்தான் கடக்கிறது.

அமெரிக்காவில் 2016-ல் வந்த சிலிக்கா விதிகள், அறுக்கும் இடத்திலேயே தண்ணீரோ, தூசி இழுக்கும் மெஷினோ வைக்கச் சொல்கின்றன. நம் வீட்டு வேலையில் இதற்கு எளிய வழி உண்டு. நேர்க்கோட்டில் வெட்ட வேண்டிய டைல்ஸைக் கோடு கிழித்து உடைக்கிற கை கட்டரிலேயே வெட்டலாம், தூசி மிகக் குறைவு. கட்டிங் மெஷின் கட்டாயம் தேவைப்படுகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டி வைத்த கட்டரைக் கொண்டு வரச் சொல்லுங்கள். சாதாரண கையடக்க கிரைண்டரில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூசி அடங்கும்தான், ஆனால் ஷாக் அடிக்கிற ஆபத்து இருக்கிறது. எதுவானாலும் அறுப்பதை வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் N95 மாஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கூலி பேசும்போதே இதையெல்லாம் பேசிவிட்டால் சங்கடம் இருக்காது.

மணவூர் வாசகிக்கு கடைசியாக ஒன்று. பில் போடும் முன் வாரன்டி கார்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், சிமென்ட் தூசி அடைத்து மோட்டார் போனதற்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். கட்டட வேலைத் தூசிக்கும் வாரன்டி உண்டா என்று கேட்டு, கடைக்காரர் ‘உண்டு’ என்றால் அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.