கூர்க்கா சிப்பாயின் குழந்தை

லிவர்பூலில் மருத்துவம் படித்துத் தேறிய டேவிட் வெதரால் என்னும் வாலிபர், கட்டாய இராணுவச் சேவைக்காக 1958-இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். குழந்தை வைத்தியத்தில் அவருக்கு அனுபவம் இல்லை. இருந்தும் இராணுவ மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுதான் அவர் தலையில் விழுந்தது. பட்டாளத்தில் யாருக்கு எது தெரியும் என்று கேட்டா வேலை கொடுக்கிறார்கள்!

அந்த வார்டில், நேப்பாளத்திலிருந்து வந்த கூர்க்கா சிப்பாய் ஒருவரின் பெண் குழந்தை கிடந்தது. இரத்தம் ஏற்றினால் கொஞ்ச நாள் தெளியும். பிறகு பழையபடி வெளிறி வாடும். காரணம் ஒருவருக்கும் புலப்படவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டால் நம் தோட்டங்களில் அந்நாளில் என்ன சொல்லியிருப்போம்? கொக்கிப்புழு என்போம், மலேரியா என்போம். இரண்டும் இல்லையென்றால், சரியாகச் சோறூட்டவில்லை என்று பெற்றவளைத்தான் ஏசுவோம்.

வெதரால் விடவில்லை. அங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் பிராங்க் வெல்லாவின் உதவியை நாடினார். வடிதாளும் கார் பேட்டரியும் கொண்டு இரத்தத்தைப் பகுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு வந்திருந்தது தலசீமியா. மத்தியதரைக் கடல் நாட்டாருக்கே உரியது என்று பலரும் எண்ணியிருந்த நோய், இமயமலை அடிவாரத்துக் குடும்பத்தில் இருந்தது! 1960-இல் இதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பாராட்டா கிடைத்தது? அனுமதியின்றி வெளியிட்டதற்காக இராணுவ மேலிடம் அவரைக் கண்டித்தது.

அந்தக் குழந்தை காட்டிய வழியிலேயே அவருடைய வாழ்நாள் போயிற்று. நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில் ஆல்பா, பீட்டா என இருவகைச் சங்கிலிகள் உண்டு. ஜோடி மாடு போல இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால், மிஞ்சி நிற்கும் மற்றொன்று சிவப்பணுவையே கெடுத்துவிடும். அந்த ஏற்றத்தாழ்வை அளந்து காட்டும் முறையை 1965-இல் வெதராலும் ஜான் கிளெக் முதலானோரும் கண்டார்கள். பின்னர் 1980-களில் அவருடைய ஆக்ஸ்போர்டு குழுவினர் பசிபிக் தீவுகளில் ஆராய்ந்தபோது, மலேரியா மிகுந்த இடங்களில் ஆல்பா தலசீமியாக் கூறும் மிகுந்திருந்தது. அக்கூறு ஓரளவு மலேரியாவிலிருந்து காத்ததால்தான் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. காடு வெட்டிய காலத்தில் மலேரியாவுக்குப் பலரைப் பறிகொடுத்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

இந்நோய் தொற்றுவதில்லை, தாய் ஊட்டாத குறையுமில்லை. ஒருவரிடம் மட்டும் கூறு இருந்தால் அவர் தெரியாமலேயே நலமாக வாழலாம். தாய் தகப்பன் இருவரிடமும் ஒரேவகைக் கூறு இருந்தால்தான் தொல்லை: ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும், நான்கில் ஒரு பங்கு, பிள்ளைக்குக் கடும் நோய் வர வாய்ப்புண்டு. அந்தப் பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும்; அதனால் உடலில் சேரும் இரும்பையும் மருந்து கொடுத்து இறக்க வேண்டும்.

வெதரால் 2018-இல் காலமானார். மலேசியாவில் நான்காம் படிவ மாணவர்களுக்கு 2016 முதல் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. பெற்றோரின் ஒப்புதல் கேட்டுத் தாள் வரும். ஊசிக்குப் பயந்து பலர் அதைப் பையிலேயே வைத்துவிடுகிறார்கள். பிள்ளையிடம் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். முடிவில் 'கூறு உண்டு' என்று வந்தால் அந்தத் தாளைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பெண் பார்க்கும் காலத்தில் ஜாதகத்தோடு அதையும் எடுக்கலாம்.