முகமில்லாச் சந்தை

தேனி வாரச்சந்தையில் ஏமாந்தவர் தரகரைப் பிடித்து நியாயம் கேட்கலாம். இணைய விளம்பரச் சந்தையில் கேட்பதற்கு ஆளில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் குடியானவர் பழைய வண்டியை விற்க அதில் விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இராணுவ வீரனென்று கூறிக்கொள்ளும் ஒருவன், பணம் அனுப்புவதாகச் சொல்லி, கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் பதியச் சொல்கிறான். அவ்வெண் பணம் கொடுப்பதற்கேயன்றிப் பெறுவதற்கன்று! கணக்கு காலியாகிறது.

தளத்தாரோ, தாம் வெறும் இடையாள் என்று 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவில் நிழல் தேடுகின்றனர். சுங்கம் வசூலிக்கும் சந்தைக்காரர் திருடனுக்கு வாசலைத் திறந்துவிட்டு 'நானறியேன்' எனலாமா? விற்போர், வாங்குவோர் இருவரையும் அடையாளம் சரிபார்க்கும் கடமையைச் சர்க்கார் அவர்கள்மீது சுமத்த வேண்டும். ஏமாந்தவர் வெட்கி ஒளியாமல் உடனே 1930-க்குத் தெரிவிக்க வேண்டும். இதை ஊர்தோறும் எடுத்துச் சொல்வது நம் தொண்டர்களின் கடமை. மௌனம் திருடனுக்கே துணை.