பாட்டுக்குச் சொந்தக்காரி

வயதான ராக் பாடகர் ஒருவர் பெரும்பாலும் பிறர் பாடல்களைக் கொண்டே ஒரு ஆல்பம் போட்டால் அதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஜானி காஷ் தன் அறுபதுகளில் அதைச் செய்தபோது கனிந்த ஞானம் என்றார்கள். பாப் டிலன் 2015-இல் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாடல்களை எடுத்துப் பாடியபோது மரபுக்குச் செய்த வணக்கம் என்றார்கள். அதையே ஒரு பெண் செய்தால் சொல் மாறிவிடுகிறது: சரக்குத் தீர்ந்துவிட்டது. அல்லது இன்னும் கருணையோடு, பாவம், என்னென்ன பட்டாளோ, இந்த மட்டும் பாடுகிறாளே.

மரியான் ஃபெய்த்ஃபுல் 1987-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரேஞ்ச் வெதர்’ ஆல்பத்தை இந்த இரண்டாவது பேச்சிலிருந்து மீட்க வேண்டும் என்பது என் எண்ணம். அதில் அவர் எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை. தலைப்புப் பாடலை டாம் வெய்ட்ஸும் கேத்லீன் பிரெனனும் அவருக்காக எழுதினார்கள். மற்றவை பழையவை. பில்லி ஹாலிடே முன்பே பாடிய ‘யெஸ்டர்டேஸ்’, லெட் பெல்லியின் ஒரு பாட்டு, டிலனின் ஒன்று, முப்பதுகளின் நடன அரங்குகளில் ஒலித்த ஒன்றிரண்டு. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டபின் அவர் பாடிப் பதிந்த முதல் ஆல்பம் இது. ஹால் வில்னர் தயாரித்தார். தயாரிப்பாளரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடல் தேர்வைப் பற்றிப் பேசுவார்கள். பாடகியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய தொண்டையைப் பற்றிப் பேசுவார்கள். மூளை அவருக்கு, புண் இவருக்கு. வேலைப் பிரிவினை எவ்வளவு கச்சிதம், பாருங்கள்!

எழுதியவரே படைத்தவர், பாடியவர் வெறும் வாய் என்ற எண்ணம் இசையில் பிறந்ததல்ல. உரிமைப் பத்திரத்தில் பிறந்தது. பாட்டை நிலம்போலப் பார்க்கிற பார்வை அது. யார் பெயரில் பட்டா இருக்கிறதோ அவர் உடையவர், மற்றவர் குத்தகைக்காரர். அந்தப் பட்டா எப்படி எழுதப்பட்டது என்று கேட்டால்தான் கதை தெரியும்.

‘சிஸ்டர் மார்ஃபின்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் அதை முதலில் பாடி வெளியிட்டவர் ஃபெய்த்ஃபுல். சில நாட்களிலேயே அந்த இசைத்தட்டு பிரிட்டனில் திரும்பப் பெறப்பட்டது. இளம்பெண் மார்ஃபினைப் பற்றிப் பாடுவதா? 1971-இல் அதே பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தில் வந்தபோது பிரிட்டனில் அதை யாரும் திரும்பப் பெறவில்லை. தட்டின்மேல் இருந்த பெயர்கள் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ். வரிகளை எழுதியது தான் என்று ஃபெய்த்ஃபுல் சொல்லிக்கொண்டே இருந்தார். தொண்ணூறுகளில்தான் அவர் பெயரும் மூன்றாவதாகச் சேர்ந்தது. எழுதியபோது பெயர் தரப்படாதவளைப் பார்த்து, நீ ஏன் எழுதவில்லை என்று பிறகு கேட்கிறார்கள்.

ஆண்கள் சிக்கிய சம்பவமே அவர்களுக்குப் புகழானதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1967 பிப்ரவரியில் ரிச்சர்ட்ஸின் வீட்டைக் காவல்துறை சோதனையிட்டது. ஜாகருக்காக ‘தி டைம்ஸ்’ தலையங்கமே எழுதியது. ஃபெய்த்ஃபுல்மீது வழக்கே இல்லை. நீதிமன்றத்தில் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் குளித்துவிட்டு அவர் போர்த்திக்கொண்டிருந்த கம்பளத்தைப் பற்றி ஊரே பேசியது. ஆண்களுக்கு அது கலகக்காரப் பட்டம். அவருக்கு அந்தக் கம்பளம் சாகும்வரை கழற்ற முடியாத உடுப்பு.

இனி ‘ஆஸ் டியர்ஸ் கோ பை’. 1964-இல் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் ஆண்ட்ரூ ஓல்டமும் எழுதித் தர, பதினேழு வயது ஃபெய்த்ஃபுல் பாடியது. ஸ்டோன்ஸ் அதைப் பதிந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அப்படியானால் எது முதல், எது ‘கவர்’? சாயங்கால வேளையில் குழந்தைகள் விளையாடுவதைத் தள்ளி நின்று பார்க்கிற ஒருவரின் பாட்டு அது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதில் என்ன இடம்? அவளே அந்தக் குழந்தைகளின் பக்கம் இருக்க வேண்டியவள். வாய் பாடியது, பாட்டு பாடவில்லை.

1987-இல் அதையே திரும்ப எடுக்கிறார். நாற்பது வயது. வேகம் குறைந்திருக்கிறது. உயரச் சுரங்களுக்குப் போவதில்லை. போக முடியாததால் மட்டுமல்ல, தேவையில்லை என்பதால். சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விடுகிறார், யோசித்துச் சொல்கிறவரைப் போல. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்தக் குரல் நிற்கும் இடம் பெர்லின் காபரே மேடைகளை நினைவூட்டுவது. பின்னாளில் குர்ட் வைலின் பாடல்களுக்கு அவர் போனது தற்செயலல்ல. இதையெல்லாம் காயம் செய்யாது. புகையும் மதுவும் குரலைக் கெடுக்கும், அவ்வளவுதான். எந்த அசையில் மூச்சை நிறுத்துவது என்று சொல்லித்தராது. குரல் கெட்டவர்கள் ஆயிரம் பேர் உண்டு. எல்லாரும் ஃபெய்த்ஃபுல் ஆகவில்லை.

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். பெண்ணியர்களாகிய நாமும் அவரைப் ‘பிழைத்து வந்தவள்’ என்றே கொண்டாடுகிறோம். 1979-இல் வந்த ‘புரோக்கன் இங்கிலிஷ்’தான் அவர் தன் சொந்தக் குரலைக் கண்டெடுத்த ஆல்பம் என்று எழுதுகிறோம். அதன் பாடல்களைச் சரிபார்த்தோமா? லூசி ஜோர்டனின் கதை ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதியது. உழைக்கும் வர்க்க நாயகனைப் பற்றிய பாட்டு ஜான் லென்னனுடையது. எல்லோரையும் அதிரவைத்த கடைசிப் பாட்டின் வரிகள் ஹீத்கோட் வில்லியம்ஸுடையவை. நாம் அவருடைய வாக்குமூலமாகக் கேட்ட பலதும் ஆண்கள் எழுதியது. அவர் பாடியதால் அது அவருடையதாகக் கேட்டது. அந்த வேலைக்குப் பெயர்தான் கலை. அதை ‘வலி’ என்று பெயர் மாற்றி வைத்ததில் நமக்கும் பங்குண்டு.

முதல்நூல், வழிநூல் என்று பிரித்த நம் பழைய இலக்கணம் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. கம்பன் செய்தது வழிநூல். அதனால் கம்பனுக்குச் சொல்லக் கதை இல்லை என்று யாரும் சொன்னதில்லை. (வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள். ராக் பாடகிக்கும் கம்பனுக்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் இதுதான்.)

ஆனால் பாடுகிறவருக்கே பாட்டு சொந்தம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. லெட் பெல்லி சிறையில் கிடந்த கறுப்பினப் பாடகர். அவர் பாடல்கள் சிலவற்றின் உரிமையில் அவற்றைப் பதிவுசெய்த வெள்ளையரான ஜான் லோமக்ஸின் பெயரும் ஏறியது. ஃபெய்த்ஃபுல்லின் தாயோ ஆஸ்திரியப் பிரபு வம்சத்தவர். கறுப்பர் உழைப்பின் பாட்டை அந்த வாய் எடுக்கும்போது, ஜாகர் அவருக்குச் செய்ததை அவர் இன்னொருவருக்குச் செய்கிறாரா? முழுக்க அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் லெட் பெல்லியின் பெயரை அழிக்கவில்லை. கறுப்பு உச்சரிப்பைப் போலி செய்யவும் இல்லை. தன் ஆங்கிலேய உச்சரிப்பிலேயே, தனக்குப் பரிச்சயமான களைப்போடு பாடுகிறார். இருந்தும் கடன் கடன்தான். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அது இருக்கட்டும்.

2018-இல், ‘நெகட்டிவ் கேப்பபிலிட்டி’ ஆல்பத்தில், ‘ஆஸ் டியர்ஸ் கோ பை’ மூன்றாம் முறையாக வருகிறது. இப்போது வயது 71. மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வரிகள் அவையே. முதலாவதில் பாடச் சொன்னதைப் பாடுகிற சிறுமி. இரண்டாவதில் அந்தச் சிறுமியைப் பார்க்கிற பெண். மூன்றாவதில் இருவரையும் பார்க்கிற கிழவி. இந்த மூன்று பேரையும் எழுதியது ஜாகர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2020 ஏப்ரலில் கொரோனா அவரை மருத்துவமனையில் தள்ளியது. நுரையீரல் பழுதானது. இனிப் பாட முடியுமா என்பதே சந்தேகமானது. அடுத்த ஆண்டு வாரன் எல்லிஸின் இசையோடு ஓர் ஆல்பம் வந்தது. அதில் அவர் பாடவில்லை. கீட்ஸ், ஷெல்லி, பைரன் கவிதைகளை வாசித்தார். தலைப்பாக வைத்துக்கொண்டது, அழகோடு நடந்துபோகும் ஒரு பெண்ணைப் பார்த்து பைரன் எழுதிய கவிதையின் பெயரை. அறுபதுகளில் லண்டன் முழுக்கத் தன்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததை அறிந்த ஒருவர், மூச்சு வாங்க, எழுபத்து நான்காவது வயதில் அதை வாசிக்கிறார்.